அடுத்த ஆண்டு பார்ப்போம்!

தோற்றவன் சொல்லும் சொல் அது. தோற்று, வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். ஒருவன் சொன்னால் ஆறுதல். ஓர் ஊரே சொன்னால்? ஆண்டுக்கு ஆண்டு, அக்டோபர் திங்கள் பிறந்ததும், தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை, கிழவரும் சிறுவரும் ஒரே குரலில் சொன்னால்?

சொன்னார்கள், நண்பர்களே! அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் மாநகரிலே, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரூக்ளின் பகுதியிலே சொன்னார்கள். பேஸ்பால் ஆட்டத்தில் தங்கள் குழு தோற்கும்போதெல்லாம் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே அந்த ஊரின் கொடியாகிவிட்டது.

"ஆட்டத்தைப் பற்றியா எழுத வந்துவிட்டாய்? நாட்டிலே எழுதுவதற்கு வேறு இல்லையா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. கேட்கட்டும். ஆடியவர்களைக் காட்டிலும், ஆட்டத்தைப் பார்த்தவர்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அவர்கள் பேசிய பேச்சைப் பற்றி. பேசிப் பேசி அவர்கள் வளர்த்த குழுவை ஒரு முதலாளி மூட்டை கட்டிக்கொண்டு போன கதையைப் பற்றி.

புரூக்ளின் ஒரு காலத்தில் தனி நகரம். தனக்கென ஒரு மேயர், தனக்கென ஓர் ஆட்சி. 1898-இல் அதை நியூயார்க்கோடு இணைத்துவிட்டார்கள். ஏட்டிலே இணைத்தார்கள், ஏக்கம் இணையவில்லை. 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தோர் 27 இலட்சத்துக்கு மேல். துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர், தையல் எந்திரத்தில் குனிந்தோர், கடை வைத்தோர், கப்பல் கட்டுவோர். யூதர், இத்தாலியர், ஐரிஷ்காரர், கறுப்பர் என்று பல இனத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வானைத் தொடும் மாளிகைகள். இந்தப் பக்கம் வாடகை வீடுகள். நகரம் என்ற பெயர் போயிற்று, மேயர் போனார், ஆட்சி போயிற்று. மிஞ்சியது எது? ஊரின் பெயரை மார்பிலே தாங்கிய ஆட்டக்குழு ஒன்று. 'புரூக்ளின் டாட்ஜர்ஸ்' என்பது அதன் பெயர். அந்தக் காலத்தில் ஊரெங்கும் டிராம் வண்டி. தண்டவாளத்தைக் கடக்கும் மக்கள் வண்டிக்குத் தப்பி ஒதுங்கி ஓடவேண்டும். அப்படி ஒதுங்கி ஓடியவர்களுக்கு வைத்த பெயர்தான் குழுவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அரசரின் பெயரும் அன்று, அரிமாவின் பெயரும் அன்று. டிராமுக்குத் தப்பி ஓடும் ஏழையின் பெயர்!

பேஸ்பாலைத் தளப்பந்து என்று தமிழிலே சொல்லலாம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒருவர் பந்தை எறிவார். ஒருவர் உருண்டை மட்டையால் அடிப்பார். அடித்தவர் மூன்று தளங்களைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். மூன்று பேர் ஆட்டமிழந்தால் எதிர்க்குழு மட்டை பிடிக்கும். இப்படி 9 சுற்று. அந்நாளில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு குழுவும் 154 ஆட்டம் ஆடும். லீக் என்று இரண்டு. இரண்டிலும் முதலிடம் பிடித்த குழுக்கள் அக்டோபரில் மோதும். அதற்கு 'உலகத் தொடர்' என்று பெயர். தங்களுக்குள்ளே ஆடிக்கொண்டு உலகத் தொடர் என்கிறார்களே என்று கேட்காதீர்கள். அவர்கள் அப்படித்தான்!

154 ஆட்டம் என்றால் என்ன பொருள்? ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். நாள்தோறும் ஆட்டம் என்றால் நாள்தோறும் பேச்சு! முடி திருத்தும் கடையில் பேச்சு, மதுக்கடையில் பேச்சு, சலவைக்கடை வாசலில் பேச்சு. 1939 முதல் வானொலியில் ஆட்டத்தை விளக்கிச் சொன்னவர் ரெட் பார்பர் என்ற தென்னாட்டுக்காரர். கோடையிலே சன்னல்கள் திறந்திருக்கும். வீட்டுக்கு வீடு அவர் குரல். ஒருவர் தம் வீட்டிலிருந்து கடைத்தெரு வரை நடந்து போனால் ஒரு பந்துகூடத் தவறாமல் கேட்டுக்கொண்டே போகலாம் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

அவர்களுடைய மைதானம் எபெட்ஸ் ஃபீல்டு. 1913-இல் திறந்தது. 32 ஆயிரம் பேருக்கு இடம். சின்ன மைதானம், அதனால்தான் சிறப்பு! ஆட்டக்காரன் முகத்தில் வழியும் வியர்வை பார்ப்பவனுக்குத் தெரியும். பார்ப்பவன் திட்டும் திட்டு ஆட்டக்காரன் காதில் விழும். ஹில்டா செஸ்டர் என்ற அம்மையார் மாட்டுமணியோடு வந்து அமர்வார். மணி அடித்தால் மைதானமே திரும்பும். இன்னொரு மூலையில் ஒரு வாத்தியக் கோஷ்டி. இசை தெரிந்தவர்கள் என்று அவர்களை யாரும் குற்றம் சாட்டியதில்லை! வலப்புறச் சுவரின் அடியிலே துணிக்கடைக்காரர் ஒருவரின் விளம்பரம்: இதன்மேல் பந்தை அடிப்பவருக்கு ஒரு சூட்டு இலவசம். பந்து விளம்பரத்தைத் தொடாதபடி காத்து நின்ற ஆட்டக்காரருக்கு அந்தக் கடைக்காரர் மாதாமாதம் ஒரு சூட்டு கொடுத்திருக்க வேண்டும் என்று கேலி பேசுவார்கள்.

இனி, அவர்கள் சூடிய பட்டப்பெயரைக் கேளுங்கள். 1930-களில் குழு படு மோசம். வில்லார்டு முல்லின் என்ற கேலிச்சித்திரக்காரர் ஆட்டம் பார்த்துவிட்டு வாடகைக் காரில் ஏறினார். ஓட்டுநர் கேட்டாராம்: "நம்ம ஓட்டாண்டிகள் இன்றைக்கு என்ன செய்தார்கள்?" முல்லின் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கிழிந்த சட்டை, பிய்ந்த செருப்பு, மழிக்காத தாடி, வாயிலே சுருட்டு என்று ஓர் ஓட்டாண்டியை வரைந்து, 'இதுதான் டாட்ஜர்ஸ்' என்றார். வேறோர் ஊராக இருந்தால் வழக்குத் தொடுத்திருப்பார்கள். புரூக்ளின் மக்கள் என்ன செய்தார்கள்? அந்தப் படத்தைச் சுவரிலே ஒட்டிக்கொண்டார்கள்! எவன் எதை இழிவென்று வீசினானோ அதையே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டார்கள். "ஆமாம், ஓட்டாண்டிதான். ஆனால் எங்கள் ஓட்டாண்டி!" அந்த 'எங்கள்' என்ற சொல்லிலே எத்தனை உரிமை, எத்தனை உறவு!

தோல்விக் கணக்கைச் சொல்லவா? 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953. ஏழு முறை உலகத் தொடருக்கு வந்தார்கள்; ஏழு முறையும் தோற்றார்கள். கடைசி ஐந்து முறையும் தோற்றது ஒரே குழுவிடம். அதே நகரின் பணக்காரக் குழு, நியூயார்க் யாங்கீஸிடம்!

எப்படியெல்லாம் தோற்றார்கள் என்பது தோல்வியைவிடக் கொடுமை. 1941-இல் நான்காம் ஆட்டம். 9-ஆம் சுற்று. 4-3 என்று புரூக்ளின் முன்னணி. இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. கடைசி மட்டைக்காரரும் பந்தைத் தவறவிட்டார். ஆட்டம் முடிந்தது! முடிந்ததா? பின்னால் நின்று பிடிக்க வேண்டிய மிக்கி ஓவன் கையிலே பந்து நிற்கவில்லை, உருண்டு ஓடியது. அந்த ஆட்டத்தின் விதிப்படி, பந்து பிடிபடாவிட்டால் மட்டைக்காரர் ஓடலாம். ஓடினார். அவர் பின்னே வரிசையாக எல்லோரும் ஓடினார்கள். 7-4 என்று யாங்கீஸ் வென்றது.

1951-இல் நடந்ததோ இன்னும் வயிற்றெரிச்சல். ஆகஸ்டில் 13 ஆட்ட அளவு முன்னணியில் இருந்த குழுவை, அதே நகரின் இன்னொரு குழுவான ஜயண்ட்ஸ் துரத்திப் பிடித்தது. சமநிலை; தீர்வுக்கு மூன்று ஆட்டம். அக்டோபர் 3-ஆம் நாள் மூன்றாம் ஆட்டத்தின் கடைசிச் சுற்று. புரூக்ளின் 4, ஜயண்ட்ஸ் 2. பாபி தாம்சன் அடித்த ஓர் அடி. பந்து இருக்கைகளுக்குள்ளே போய் விழுந்தது. 5-4! "என்னவோ சூது இருக்கிறது" என்று புரூக்ளின் முடிதிருத்தகங்களில் முணுமுணுத்தார்கள். தோற்றவன் புலம்பல் என்று ஊர் சிரித்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2001-இல் உண்மை வெளிவந்தது. ஜயண்ட்ஸ் தம் மைதானத்திலே தொலைநோக்கி வைத்து எதிர்க்குழுவின் சைகைகளைத் திருடிப் படித்துக்கொண்டிருந்தது என்று அவர்கள் பக்கத்து ஆட்டக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். குறிப்பிட்ட அந்த ஒரு பந்துக்கும் சைகை கிடைத்ததா? தாம்சன் இல்லை என்றார். புரூக்ளின்காரர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. நானும் புரூக்ளின்காரர்கள் கட்சிதான்!

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் குழுவைக் கைவிட்டார்களா? கில் ஹாட்ஜஸ் என்பவர் முதல் தளத்துக் காவலர்; அருமையான மட்டைக்காரர். 1952 உலகத் தொடரில் 21 முறை மட்டை பிடித்து ஒரு முறைகூட அடித்துத் தளம் சேரவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் அதே கதை. வேறு ஊரில் என்றால் ஊளையிட்டு விரட்டியிருப்பார்கள். இங்கே அவருக்குக் கடிதங்கள் குவிந்தன, தாயத்துகள் வந்தன. ஒரு பாதிரியார், வெப்பம் தாங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், "இன்று சொற்பொழிவு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள், கில் ஹாட்ஜசுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கூட்டத்தை அனுப்பிவிட்டாராம். வேண்டுதலால் பந்து மட்டையில் பட்டது என்று நம்புகிறவன் அல்லன் நான். ஆனால், தடுமாறும் தொழிலாளி ஒருவனை ஊரே தாங்கிப் பிடித்ததே, அந்த அன்பை நம்புகிறேன்.

அன்பு என்றேன். அந்த அன்புக்கு ஒரு சோதனையும் வந்தது. 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் வந்தது.

அறுபது ஆண்டுக் காலம் அமெரிக்கப் பேஸ்பாலின் பெரிய குழுக்களிலே கறுப்பருக்கு இடமில்லை. எழுதி வைத்த சட்டம் ஏதுமில்லை. எழுதாமலே நடந்த சட்டம்! எழுதிய சட்டத்தையாவது கிழித்தெறியலாம். எழுதாத சட்டத்தை என் செய்வது? அந்த வேலியைத் தாண்டி, 28 வயது ஜாக்கி ராபின்சனைக் களத்திலே இறக்கியது இந்த ஓட்டாண்டிக் குழு. அவரைச் சேர்த்தவர் பிராஞ்ச் ரிக்கி என்ற நிர்வாகி. நல்லெண்ணமும் இருந்தது, நாலு காசு வரும் என்ற கணக்கும் இருந்தது என்பார்கள். இருக்கட்டும். கதவு திறந்ததே!

சொந்தக் குழுவிலேயே சிலர் அவரோடு ஆடமாட்டோம் என்று மனு எழுதக் கிளம்பினார்கள். பிலடெல்பியா குழுவின் தலைவர் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, காது கூசும் வசைகளை வாரி இறைத்தார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. ராபின்சன் பேசவில்லை, ஆடினார். தளத்திலிருந்து தளத்துக்கு ஓடினார். பந்தெறிபவர் கண்முன்னே, பந்து வந்து சேருமுன்னே, பாய்ந்து போய்த் தாய்த்தளத்தையே திருடினார்.

அப்போது முடிதிருத்தகத்திலே என்ன பேசியிருப்பார்கள்? எண்ணிப் பாருங்கள். ஏப்ரலிலே, "யாரோ ஒரு கறுப்பனைச் சேர்த்திருக்கிறார்களாமே!" மே மாதத்திலே, "அந்தக் கறுப்பர் நன்றாக ஓடுகிறார்." சூலையிலே, "ராபின்சன் இல்லாவிட்டால் நேற்றுத் தோற்றிருப்போம்." செப்டம்பரிலே, "நம்ம ஜாக்கியைத் திட்ட எவனுக்கடா துணிச்சல்!" அவன், அவர், ராபின்சன், நம்ம ஜாக்கி. நான்கு சொல், ஒரு கோடைக்காலம்! எத்தனை பாதிரியார், எத்தனை நீதிபதி, எத்தனை பேராசிரியர் முயன்றும் நகராத பாறையை, மாலை நேரத்து வெட்டிப்பேச்சு ஒரு முழம் நகர்த்திக் காட்டியது. ஒரு முழம்தான். அதே ராபின்சன் 1950-களில் கனெக்டிகட் மாநிலத்தில் வீடு வாங்கப் போனபோது கதவுகள் மூடிக்கொண்டன. ஆட்டத்தில் நம்மவர், அடுத்த வீட்டில் அயலார்! அந்த நோய்க்குப் பந்து மட்டும் மருந்தாகிவிடவில்லை.

இப்படியாக 1955 பிறந்தது. பிறக்கும்போதே ஒரு துக்கம். ஊருக்கென்று இருந்த நாளேடு, 'புரூக்ளின் ஈகிள்', வேலைநிறுத்தத்தின் நடுவே சனவரியில் மூடப்பட்டது. ஊரின் தோல்விகளையெல்லாம் அச்சிட்ட ஏடு, வெற்றியை அச்சிட இல்லாமல் போயிற்று.

ஏப்ரலில் ஆட்டம் தொடங்கியது. முதல் 10 ஆட்டமும் வெற்றி! முதல் 24-இல் 22 வெற்றி! டியூக் ஸ்னைடர் 42 முறை பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். டான் நியூகோம் 20 ஆட்டங்களை வென்று கொடுத்தார், தோற்றது ஐந்தே. ராய் கேம்பனெல்லா லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பின்னவர் இருவரும் கறுப்பர். ராபின்சன் திறந்த கதவு வழியே வந்தவர்கள். செப்டம்பர் 8-ஆம் நாளே முதலிடம் உறுதியாகிவிட்டது. லீக் வரலாற்றிலே அதுவரை அவ்வளவு விரைவில் எந்தக் குழுவும் முடித்ததில்லை.

ஊர் மகிழ்ந்ததா? மகிழ அஞ்சியது! எதிரே நிற்பது யார்? மறுபடியும் யாங்கீஸ்.

முதல் ஆட்டம் 6-5, தோல்வி. அந்த ஆட்டத்தில்தான் 36 வயது ராபின்சன் தாய்த்தளத்தைத் திருடினார். யாங்கீஸ் காவலர் யோகி பெரா துள்ளிக் குதித்து, நடுவரிடம் மல்லுக்கு நின்றார். "அவுட்டு!" என்றார். 2015-இல் சாகும்வரை "அவுட்டு!" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். புரூக்ளின்காரர் எவரும் ஒப்புக்கொண்டதில்லை. இரண்டாம் ஆட்டம் 4-2, மறுபடியும் தோல்வி. முதல் இரண்டையும் தோற்ற குழு ஏழு ஆட்டத் தொடரை வென்றதாக அதுவரை வரலாறு இல்லை. "அடுத்த ஆண்டு..." என்று உதடுகள் அசையத் தொடங்கின. ஆனால் எபெட்ஸ் ஃபீல்டுக்குத் திரும்பியதும் 8-3, 8-5, 5-3 என்று அடுக்கடுக்காக மூன்று வெற்றி! ஆறாம் ஆட்டத்தில் 5-1 என்று யாங்கீஸ். மூன்றுக்கு மூன்று.

1955 அக்டோபர் 4. செவ்வாய்க்கிழமை. பிற்பகல். களமோ யாங்கீஸ் மைதானம். கூட்டம் 62,465 பேர்.

புரூக்ளினில் அன்று வேலை நடந்ததா என்று கேட்காதீர்கள். கடை வாசல் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னே தலைகள். வானொலிப் பெட்டிகளின் அருகே காதுகள். "ராபின்சன் எங்கே? ஏன் உட்கார வைத்துவிட்டார்கள்?" காலில் காயமாம். "பந்தெறிவது யார்?" ஜானி பாட்ரஸ். "அந்தப் பையனா!" ஆம், 23 வயது, வடக்கே இரும்புச் சுரங்க ஊர் ஒன்றிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளியின் மகன். அந்த ஆண்டு அவர் கணக்கில் 9 வெற்றி, 10 தோல்வி. "பத்துத் தோல்விக்காரனிடமா பந்தைக் கொடுத்தார்கள்?" என்று ஒரு கிழவர் தலையில் கைவைத்திருப்பார். "நாம் மட்டும் என்ன, ஏழு தோல்விக்காரர்கள்தானே!" என்று இன்னொருவர் சொல்லியிருப்பார்.

நான்காம் சுற்றிலே ஹாட்ஜஸ் அடித்தார். கேம்பனெல்லா ஓடி வந்தார். ஒன்று! ஆறாம் சுற்றிலே மறுபடியும் ஹாட்ஜஸ். பீ வீ ரீஸ் ஓடி வந்தார். இரண்டு! தாயத்து அனுப்பியவர்களுக்கெல்லாம் அவர் ஒரே நாளில் பதில் எழுதினார்.

அதே ஆறாம் சுற்றின் மறுபாதி. யாங்கீஸ் தரப்பில் தளங்களில் இருவர், யாரும் ஆட்டமிழக்கவில்லை. மட்டை பிடித்து வந்தவர் யோகி பெரா. அவர் இடக்கை மட்டைக்காரர். வழக்கமாக வலப்புறம் அடிப்பவர். ஆகவே இடப்புறக் காவலர் சாண்டி அமோரஸ் கோட்டை விட்டுத் தள்ளி நின்றார். அமோரஸ் கியூபா நாட்டுக் கறுப்பர். அந்தச் சுற்றில்தான் அந்த இடத்துக்கு வந்தவர். பெரா அடித்தார். பந்து போனதோ இடப்புறக் கோட்டின் ஓரம்! ஓடினார் அமோரஸ், ஓடினார், ஓடினார். வேலி நெருங்குகிறது, பந்து இறங்குகிறது. வலக்கையை நீட்டினார். அவர் இடக்கையால் எறிபவர். எனவே கையுறை வலக்கையில். அந்தக் கைக்குத்தான் எட்டும் அந்தப் பந்து! விழுந்தது கையுறைக்குள். நின்றார், திரும்பினார், ரீஸிடம் எறிந்தார். ரீஸ் ஹாட்ஜசிடம் எறிந்தார். ஓடிப்போயிருந்த யாங்கீஸ்காரர் தளத்துக்குத் திரும்புமுன் அவரும் ஆட்டமிழந்தார். ஒரே பந்தில் இருவர்!

எட்டாம் சுற்றிலும் இருவர் தளங்களில் நின்றார்கள், பாட்ரஸ் அசையவில்லை. ஒன்பதாம் சுற்று. முதல்வர் அடித்தது பாட்ரஸ் கையிலேயே வந்து சிக்கியது. அடுத்தவர் அடித்தது அமோரஸ் கையில். மூன்றாவதாக வந்தவர் எல்ஸ்டன் ஹோவார்டு. அவர் யார் தெரியுமா? யாங்கீஸ் குழு சேர்த்த முதல் கறுப்பர். ஓட்டாண்டிகள் 1947-இல் செய்ததை, கோடீசுவரக் குழு 1955-இல்தான் செய்தது! ஹோவார்டு அடித்தார். பந்து உருண்டு வந்தது ரீஸிடம். 1941 முதல் ஐந்து முறை யாங்கீஸிடம் தோற்றபோதும் களத்தில் நின்றவர் ரீஸ், 37 வயது. எறிந்தார், கொஞ்சம் தாழ்வாகப் போயிற்று, குனிந்து வாரி எடுத்துக்கொண்டார் ஹாட்ஜஸ்.

2-0!

தொலைக்காட்சியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வின் ஸ்கல்லி என்ற 27 வயது இளைஞர், புரூக்ளின் டாட்ஜர்ஸ் உலக வெற்றியாளர் ஆகிவிட்டது என்று ஒரு வாக்கியம் சொன்னார், நிறுத்திவிட்டார். ஏன் அத்தோடு நிறுத்தினீர்கள் என்று பின்னாளில் கேட்டார்கள். இன்னொரு சொல் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன் என்றார்.

புரூக்ளினோ அழுதது, சிரித்தது, ஆடியது. தொலைபேசிக் கம்பிகள் திணறின. கார்கள் ஊதுகுழலை நிறுத்தவில்லை. சன்னல்களிலிருந்து காகிதம் பொழிந்தது. உணவுக்கடைக்காரர் ஒருவர் நடைபாதையில் அடுப்பை வைத்து வந்தவருக்கெல்லாம் இலவசமாக வழங்கினார். மறுநாள் ஒரு நியூயார்க் நாளேடு, பல் இளிக்கும் ஓட்டாண்டியின் படத்தை முதற்பக்கம் முழுதும் போட்டு, யாரடா ஓட்டாண்டி என்று கேட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

1956-இல் மறுபடி யாங்கீஸ். ஏழாம் ஆட்டத்தில் 9-0 தோல்வி. அந்த அக்டோபரிலேயே எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தைக் குழுவின் முதலாளி வால்டர் ஓமாலி விற்றுவிட்டார். டிசம்பரில் ராபின்சனையே விற்றார்கள், அதுவும் ஜயண்ட்சுக்கு! அவர் போகவில்லை. ஆட்டத்தைவிட்டே விலகினார்.

ஓமாலிக்கு என்ன குறை? மைதானம் பழசு, கார் நிறுத்த இடமில்லை என்றார். பாஸ்டன் குழு ஒன்று 1953-இல் மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்து பணத்தை அள்ளுவதைப் பார்த்தார். புரூக்ளினில் அட்லாண்டிக் சாலை முனையில் புது மைதானம் கட்ட, நிலத்தை நகராட்சி திரட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். நகரின் கட்டட வேலைகளையெல்லாம் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி மறுத்தார். குவீன்ஸ் பகுதிக்குப் போ என்றார். இருவரும் இழுபறி. கெட்டவர் ஓமாலியா, மோசஸா என்று அமெரிக்காவில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது, புத்தகம் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், மோசஸ் பிடிவாதக்காரர். ஆனால் பெட்டி கட்டியவர் ஓமாலி. கடைசி ஆண்டான 1957-இலும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் காசு கொடுத்து ஆட்டம் பார்த்தார்கள். பசி இல்லை, பேராசை இருந்தது.

1957 செப்டம்பர் 24-ஆம் நாள் எபெட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டம். 2-0 என்று வெற்றிதான். வந்தவர்கள் 6,702 பேர். ஆர்கன் வாசித்த அம்மையார் சுற்றுக்குச் சுற்று பிரிவுப் பாடல்களையே வாசித்தார். அக்டோபர் 8-இல் அறிவிப்பு வந்தது: குழு லாஸ் ஏஞ்சல்சுக்குப் போகிறது. மூவாயிரம் மைல்!

எவரைக் கேட்டார்? ஹில்டாவின் மாட்டுமணியைக் கேட்டாரா? தாயத்து அனுப்பியவர்களைக் கேட்டாரா? பத்திரம் அவர் பெயரில் இருந்தது. 'எங்கள் ஓட்டாண்டி' என்ற சொல்லுக்குப் பத்திரம் இல்லை. பதிவு அலுவலகம் இல்லை. பின்னாளில் புரூக்ளின் எழுத்தாளர்கள் இருவர், இந்த நூற்றாண்டின் மாபெரும் கொடியவர் மூவரைத் தனித்தனியே எழுதிப் பார்ப்போம் என்று எழுதினார்களாம். இருவர் தாளிலும் இட்லர், ஸ்டாலின், ஓமாலி! மிகைதான். பறிகொடுத்தவன் அளந்தா பேசுவான்?

போன இடத்திலும் புண்ணியம் இல்லை. லாஸ் ஏஞ்சல்சில் சாவேஸ் ரவைன் என்ற குன்றுப்பகுதி. மெக்சிகோ வழிவந்த ஏழைக் குடும்பங்களின் ஊர். அரசு வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லி 1950-இல் அவர்களைக் காலி செய்யத் தொடங்கினார்கள். பிறகு வீட்டுத் திட்டத்தையே கைவிட்டார்கள். நிலம் டாட்ஜர்ஸ் குழுவுக்குப் போயிற்று! மீதியிருந்த குடும்பங்களை 1959 மே மாதத்தில் காவலர் வெளியேற்றினார்கள். ஒரு பெண்ணைக் கைகால் பிடித்துத் தூக்கி வந்தார்கள். 1962-இல் அங்கே புது மைதானம் எழுந்தது.

அமோரஸ் என்ன ஆனார்? கியூபாவுக்குப் போனார், சொத்தெல்லாம் இழந்தார், 1967-இல் வெறுங்கையோடு அமெரிக்கா திரும்பினார். ஓய்வூதியத்துக்குச் சில நாள் சேவை குறைந்தது. டாட்ஜர்ஸ் நிர்வாகம் அவரைப் பட்டியலில் சேர்த்து அந்த நாள்களை நிரப்பிக் கொடுத்தது. நல்லது செய்ததையும் சொல்லவேண்டும் அல்லவா? அதற்காகச் சொன்னேன்.

பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். ஓக்லாந்து நகரிலே 2023 சூன் 13-இல், குழுவை விற்றுவிட்டுப் போ என்று முதலாளிக்குச் சொல்ல, 'விற்றுவிடு' என்று அச்சிட்ட சட்டையோடு 27,759 பேர் திரண்டார்கள். 2024 செப்டம்பர் 26-இல் கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்து வழியனுப்பினார்கள். மைதானத்து மண்ணை ஊழியர்கள் அள்ளிக் கொடுக்க, வாங்கிக்கொண்டு போனார்கள். குழு போய்விட்டது.

எபெட்ஸ் ஃபீல்டை 1960 பிப்ரவரியில் இடித்தார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வண்ணம் பூசியிருந்தார்கள், யாருடைய நகைச்சுவையோ! அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. 1962-இல் கட்டியது. அமோரஸ்களும் ராபின்சன்களும் ஓடிய மண்ணின்மேல் நிற்கும் அந்தக் கட்டடத்துச் சுவரில், அங்கு வாழும் பிள்ளைகளுக்காக ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருந்தார்கள்: இங்கே பந்து விளையாடக் கூடாது.